மென்சவ்வின் இருமருங்கும்: உயிரின் சக்தி பற்றிய ஒரு விளக்கம்

உயிர் என்பது யாது என்னும் வினா தத்துவஞானிகளையும் சமயச் சிந்தனையாளரையும் நெடுங்காலமாக ஈர்த்து வந்ததொன்றாகும். உயிருள்ள உடம்புக்கும் உயிரற்ற உடம்புக்குமிடையே உள்ள வேறுபாட்டினை விளக்க முற்பட்டோர் பலர், உடம்பினுள் நின்று அதனை இயக்கும் தனிப்பட்ட பொருளொன்றைக் கற்பித்தனர். ஐரோப்பாவில் 19ஆம் நூற்றாண்டிலும் இரசாயன விதிகளுக்குக் கட்டுப்படாத ‘உயிர்விசை’ ஒன்று உண்டெனக் கொண்ட விஞ்ஞானிகள் இருந்தனர். பின்வந்த உயிரிரசாயனம் இக்கற்பிதத்தை ஒதுக்கியது. ஒதுக்கிய பின்னரும் வினா எஞ்சியே நின்றது. உண்ட சோறு உழைப்பாக மாறுவது எங்ஙனம்? உட்கொண்ட மூச்சு நரம்பின் துடிப்பாகவும் தசையின் சுருக்கமாகவும் உருப்பெறுவது எவ்வழியால்?

இவ்வினாக்களுக்கு 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிற் கிடைத்த விடைகள் பெரிதும் இரு நொதியங்களைச் சார்ந்தவை. அவற்றுள் ஒன்று கலத்தின் பயன்பாட்டுக்குரிய சக்தியை ஆக்குவது; மற்றது அச்சக்தியைச் செலவிட்டு அயன்களை இறைப்பது. இரண்டும் மென்சவ்விற் பதிந்திருப்பவை. விஞ்ஞானத்தைச் சிறப்புப் பாடமாகப் பயிலாத வாசகருக்கு இவ்விரண்டின் தொழிற்பாட்டினை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். இலக்கிய ஆய்வில் ஈடுபட்டுள்ள ஒருவர் இவ்விடயத்தை எடுத்துரைப்பதற்குக் காரணம் ஒன்றுண்டு. தேர்ந்த ஆய்வாளர் பலர் ஏறத்தாழ கால் நூற்றாண்டுக் காலம் ஒரு பொருளைத் தேடினர். அப்பொருள் அகப்படவில்லை. அவர்கள் தேடியது பொருளாக இல்லாது ஓர் உறவாக இருந்தமையே அதற்குக் காரணம் எனப் பின்னர் தெரியவந்தது. சமூகத்தையும் இலக்கியத்தையும் பற்றிச் சிந்திப்போருக்கும் இவ்வரலாறு பயன்தரக்கூடியதாகும்.

மென்சவ்வு

ஒவ்வொரு கலத்தையும் சூழ்ந்து ஒரு மென்சவ்வு உள்ளது. கொழுப்பியல்பு கொண்ட இலிப்பிட்டு மூலக்கூறுகள் இரு படைகளாக அடுக்கப்பட்டு அமைந்தது அது. அதன் தடிப்பு ஏறத்தாழ 5 நனோமீற்றர்; அதாவது ஒரு மில்லிமீற்றரின் 2 இலட்சத்தில் ஒரு பங்கு. எண்ணெயில் உப்புக் கரையாதது போன்று, மின்னேற்றம் பெற்ற துணிக்கைகளாகிய அயன்கள் இவ்விலிப்பிட்டுப் படையைத் தாமாக ஊடுருவுதல் மிக அரிது. ஆகவே, உள்ளே ஒருவகைச் செறிவும் வெளியே வேறொருவகைச் செறிவும் நிலவ மென்சவ்வு இடமளிக்கிறது.

கலத்தை ஒரு பையாகவும் மென்சவ்வை அப்பையின் தோலாகவும் கருதும் நோக்கு நெடுங்காலம் நிலவியது. தாக்கங்கள் யாவும் பையினுள் இருக்கும் கரைசலில் நடைபெறுவன என்றும், தோல் அவற்றைச் சிந்தாமற் காப்பது மாத்திரமே என்றும் கருதப்பட்டது. நொதியங்களைப் பற்றிய தொடக்ககால ஆய்வுகள் இந்நோக்கிற்கு வலுவூட்டின. கலத்தை அரைத்துச் சிதைத்து, கரையும் பகுதியை வடித்தெடுத்து, அதிலுள்ள நொதியங்களைத் தனித்தனியே பிரித்தறிவதே அக்காலத்து முறையாகும். நொதித்தலின் படிமுறைகள் முழுவதும் அம்முறையாலேயே தெளிவாயின. ஆனால் சுவாசத்தின் இறுதிப் படிகள் இம்முறைக்கு இணங்கவில்லை. இழைமணிகளைச் சிதைத்து அவற்றின் மென்சவ்வு கிழிந்தபோது, ஒட்சிசன் நுகரப்பட்டபோதிலும் பயனுள்ள சக்தி ஆக்கப்படவில்லை. இதன் பொருள் என்னவென்பது பின்னரே விளங்கிற்று.

சக்தியின் நாணயம்

கலம் தன் வேலைகளுக்கு நேரடியாகப் பயன்படுத்தும் பொருள் அடினோசீன் முப்பொசுபேற்று ஆகும், சுருக்கமாக ஏ.ரீ.பீ. என்பர். இதனை 1929இல் ஜேர்மனியில் காள் லோமன் கண்டறிந்தார். அதே ஆண்டு அமெரிக்காவின் ஹார்வார்ட் பல்கலைக்கழகத்தில் சைரஸ் பிஸ்கேயும், சென்னையில் மருத்துவம் பயின்று அங்கு சென்றிருந்த எல்லாப்பிரகட சுப்பாராவும் தனித்து நின்று இதனைக் கண்டறிந்தனர். மூன்று பொசுபேற்றுக் கூட்டங்கள் தொடராகப் பிணைந்த இம்மூலக்கூறிலிருந்து இறுதிப் பொசுபேற்று பிரியும்போது வெளிப்படும் சக்தி, தசை சுருங்கவும் புரதம் தொகுக்கப்படவும் உதவுகிறது. எஞ்சுவது ஏ.டீ.பீ. அது மீண்டும் ஒரு பொசுபேற்றினைப் பெற்று ஏ.ரீ.பீ. ஆகவேண்டும்.

சோவியத் உயிரிரசாயனவியலாளர் விளாடிமிர் எங்கல்ஹார்ட், பறவைகளின் செங்குழியங்களை ஆராய்ந்து, இம்மீளாக்கம் சுவாசத்தோடு பிணைந்தது என 1930ஆம் ஆண்டளவிற் காட்டினார். 1941இல் பிறிற்ஸ் லிப்மன் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை, ஏ.ரீ.பீ.யைக் கலத்தின் பொதுச் சக்தி ஊடகமாக நிலைநாட்டியது. ‘சக்தியின் நாணயம்’ என்ற உருவகம் அதன் பின்னரே பாடநூல்களில் வழக்கூன்றியது. உருவகம் பொருத்தமானதேயாயினும் ஓர் எச்சரிக்கை வேண்டும். நாணயத்தைச் சேமித்து வைக்கலாம், ஏ.ரீ.பீ.யை அவ்வாறு சேமித்தல் இயலாது. ஓய்விலிருக்கும் வளர்ந்தவரொருவரின் உடல், நாளொன்றுக்குத் தன் நிறையின் ஏறக்குறைய அரைப்பங்கு ஏ.ரீ.பீ.யை ஆக்கிச் செலவிடுகிறது. எந்தவொரு கணத்திலும் உடலில் இருப்பதோ இதில் மிகச் சிறு பங்கே. ஒரே மூலக்கூறு நாளொன்றில் நூற்றுக்கணக்கான தடவைகள் சிதைந்து மீள ஆக்கப்படுகிறது. ஆகவே, இங்கு முதன்மை பெறுவது இருப்பு அன்று, இடையறாத ஆக்கமே.

தேடப்பட்ட பொருள்

இவ்வாக்கம் எவ்வாறு நிகழ்கிறது? உணவிலிருந்து பெறப்படும் இலத்திரன்கள் இழைமணியின் உள்மென்சவ்விலுள்ள புரதங்களின் வழியே படிப்படியாகக் கைமாறி, ஈற்றில் ஒட்சிசனை அடைந்து நீர் உண்டாகிறது. விறகு எரியும்போது ஒரேயடியாக வெப்பமாய் வெளிப்படும் சக்தி இங்கு சிறிது சிறிதாக விடுவிக்கப்படுகிறது. இவ்வாறு விடுவிக்கப்படும் சக்தி ஏ.டீ.பீ.யை ஏ.ரீ.பீ. ஆக்குவதற்கு எவ்வழியிற் கடத்தப்படுகிறது என்பதே புதிராகும்.

நொதித்தலில் இதற்கு விடை ஏற்கெனவே கிடைத்திருந்தது. அங்கு பொசுபேற்றினைத் தாங்கிய இடைப்பொருளொன்று முதலில் உண்டாகி, அது தன் பொசுபேற்றினை ஏ.டீ.பீ.யிடம் ஒப்படைக்கிறது. சுவாசத்திலும் இத்தகைய இடைப்பொருள் இருத்தல் வேண்டுமென ஆய்வாளர் எதிர்பார்த்தனர். 1953இல் எட்வர்ட் சிலேற்றர் இக்கருத்துக்குத் திட்டவட்டமான வடிவமளித்தார். இவ்வெதிர்பார்ப்பு நியாயமானதே. ஓரிடத்தில் வெற்றி பெற்ற விளக்கத்தை அயலிடத்துக்கும் விரித்தல் விஞ்ஞானத்தின் வழக்கமான நெறியாகும். ஆய்வுகூடங்கள் பல அவ்விடைப்பொருளைத் தேடின. அகப்பட்டதாக அறிவிப்புகள் வந்தன. மறுபரிசோதனையில் அவை நிலைபெறவில்லை.

1961இல் எடின்பரோப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய பீற்றர் மிச்செல், ‘நேச்சர்’ சஞ்சிகையில் ஒரு கருதுகோளை வெளியிட்டார். இடைப்பொருள் என ஒன்றில்லை என்பது அதன் சாரம். இலத்திரன்கள் கைமாறும்போது விடுபடும் சக்தி, ஐதரசன் அயன்களாகிய புரோத்தன்களை மென்சவ்வின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்திற்குத் தள்ளுகிறது. அதனால் ஒரு பக்கத்தில் புரோத்தன்கள் செறிகின்றன. மின்னழுத்த வேறுபாடும் தோன்றுகிறது. புரோத்தன்கள் திரும்பிவர முயல்கின்றன. ஆனால் மென்சவ்வு அவற்றைத் தடுக்கிறது. திரும்புவதற்கு ஒரு நொதியத்தினூடாகவே வழியுண்டு. அவ்வழியே அவை திரும்புகையில் அந்நொதியம் ஏ.ரீ.பீ.யை ஆக்குகிறது.

குளமொன்றை நினைவிற்கொள்வது இங்கு உதவும். குளக்கட்டின் ஒருபுறம் நீர் உயர்ந்து நிற்கிறது, மறுபுறம் தாழ்ந்துள்ளது. துரிசினூடாக நீர் பாயும்போது அதனைக்கொண்டு சில்லொன்றைச் சுழற்றலாம். சில்லைச் சுழற்றும் ஆற்றல் நீர்த்துளிக்குள் மறைந்திருக்கும் பொருளன்று. இருபுறத்து நீர்மட்டங்களின் வேறுபாட்டிலேயே அது தங்கியுள்ளது. இருபுறமும் நீர்மட்டம் ஒன்றாயின், எவ்வளவு நீர் இருப்பினும் சில்லுச் சுழலாது. கட்டு உடைப்பெடுத்தாலும் அவ்வாறே. கிழிந்த இழைமணி சுவாசித்தும் சக்தியை ஆக்காமைக்குரிய காரணம் இப்போது விளங்கும். ஆய்வாளர் தம் வழமையான முறைப்படி மென்சவ்வைச் சிதைத்தபோது, தாம் தேடியதையே அழித்துக்கொண்டிருந்தனர்.

இவ்வுவமைக்கும் எல்லையுண்டு. குளத்தில் தொழிற்படுவது புவியீர்ப்பு. இழைமணியிலோ செறிவு வேறுபாடும் மின்னழுத்த வேறுபாடும் சேர்ந்து தொழிற்படுகின்றன. மின்னழுத்தம் சுமார் 150 மில்லிவோற்று எனின் அற்பமாகத் தோன்றலாம். ஆனால் அது 5 நனோமீற்றர் தடிப்பின் குறுக்கே நிலவுவது. கணக்கிட்டால் மீற்றருக்கு 3 கோடி வோற்று எனும் அளவு பெறப்படும்.

ஒரு கருதுகோள் நிலைபெற்ற வரலாறு

மிச்செலின் கருத்து உடனடியாக ஏற்கப்படவில்லை. உடல்நலக் குறைவினால் அவர் 1963இல் எடின்பரோவை விட்டு நீங்கி, கோர்ண்வோல் பகுதியில் கிளின் மாளிகை எனும் பழுதடைந்த கட்டடத்தைப் புதுப்பித்து, ஜெனிபர் மொயில் என்னும் ஆய்வாளருடன் அங்கு சிறியதோர் ஆய்வுகூடத்தை நிறுவினார். இதற்கான மூலதனத்தை அவரும் அவருடைய சகோதரரும் தம் செல்வத்திலிருந்து அளித்தனர். பெரும்பான்மையோர் ஏற்காத கருதுகோளொன்றைப் பல ஆண்டுகள் தொடர்ந்து சோதிக்கும் சுதந்திரம் அவருக்குக் கிடைத்தது இவ்வாறேயாகும். விஞ்ஞான வரலாற்றினைத் தனிமனிதரின் மேதைமையாக மட்டும் எழுதுவோர் இவ்வுண்மையைக் கடந்து சென்றுவிடுவர். மேதைமையை மறுக்கவேண்டியதில்லை. ஆனால் அது தொழிற்படுவதற்கு வேண்டிய பொருளாதார நிலைமைகள் எத்தனை பேருக்குக் கிட்டின என்ற வினாவும் உடன் எழுதல் வேண்டும்.

கருதுகோளை நிலைநாட்டியவை வாதங்களன்றிப் பரிசோதனைகளே. 1966இல் அன்ட்ரே ஜாகெண்டோர்வும் ஏர்னஸ்ற் உரிபேயும் கீரையின் பச்சையவுருமணிகளை இருளில் வைத்து அமிலக் கரைசலில் ஊறவிட்டனர். உட்புறமும் அமிலத்தன்மை பெற்றபின், ஏ.டீ.பீ.யும் பொசுபேற்றும் கொண்ட காரக் கரைசலுக்கு அவற்றைத் திடீரென மாற்றினர். ஒளி இல்லை, இலத்திரன் ஓட்டமும் இல்லை. இருந்தும் ஏ.ரீ.பீ. உண்டாயிற்று. இருபக்கங்களுக்கிடையே வேறுபாடு ஒன்றே அங்கிருந்தது, அதுவே போதுமானதாயிற்று.

1974இல் எப்ரெயிம் றக்கரும் வோல்ற்றர் ஸ்ரோக்கேனியசும் செய்த பரிசோதனை இன்னும் துணிகரமானது. உப்புச் செறிந்த நீரில் வாழும் நுண்ணுயிரொன்று, ஒளி படும்போது புரோத்தனை இறைக்கும் ஊதாநிறப் புரதமொன்றைக் கொண்டது. அப்புரதத்தையும், மாட்டின் இதயத்து இழைமணிகளிலிருந்து எடுத்த ஏ.ரீ.பீ. ஆக்கும் நொதியத்தையும், சோயா அவரையின் இலிப்பிட்டினால் ஆக்கப்பட்ட நுண்ணிய குமிழ்களில் ஒருங்கே பதித்தனர். நுண்ணுயிர், விலங்கு, தாவரம் ஆகிய மூன்றிலிருந்தும் பெற்ற பகுதிகள் அவை. இயற்கையில் ஒருபோதும் ஒன்றையொன்று சந்தித்திராதவை. இரு புரதங்களுக்குமிடையே பொதுவான இடைப்பொருள் இருக்க வழியேயில்லை. ஒளி பாய்ச்சியபோது ஏ.ரீ.பீ. உண்டாயிற்று.

1977இல், மாறுபட்ட நிலைப்பாடுகளைக் கொண்டிருந்த மிச்செல், சிலேற்றர், றக்கர், போல் பொயர் உள்ளிட்ட அறுவர், தத்தம் பகுதிகளைத் தாமே எழுதி ஒரே தலைப்பின்கீழ் மீளாய்வுக் கட்டுரையொன்றை வெளியிட்டனர். 1978இல் மிச்செலுக்கு இரசாயனத்துக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது. மிச்செல் முதலிற் கூறிய நுட்பங்கள் அனைத்தும் பின்னர் நிலைபெற்றன என்றில்லை. புரோத்தன்களின் எண்ணிக்கை பற்றியும் நொதியத்தின் பொறிமுறை பற்றியும் அவர் கூறியவற்றிற் சில கைவிடப்பட்டன. அடிப்படைத் தத்துவமே நிலைத்தது.

இத்தத்துவம் மனித உடலில் ஏற்கெனவே விபரீதமாகச் சோதிக்கப்பட்டிருந்தது என்பதையும் இங்கு குறிப்பிடல் வேண்டும். இருநைத்திரோபீனோல் என்னும் இரசாயனப் பொருள் மென்சவ்வினூடாகப் புரோத்தன்களை ஏற்றிச் செல்லவல்லது. உவமையிற் கூறின், குளக்கட்டைத் துளைப்பது. இதனை உட்கொண்டால் உடல் உணவை எரித்துக்கொண்டேயிருக்கும். ஆனால் சக்தி ஏ.ரீ.பீ. ஆகாது வெப்பமாகவே வீணாகும். இப்பொறிமுறை விளங்காத காலத்தில், 1933 முதல் அமெரிக்காவில் இது உடல் மெலிவிக்கும் மருந்தாகப் பரவியது. உடல் வெப்பம் கட்டுக்கடங்காது ஏறிச் சிலர் மாண்டனர். பலர் கண்புரையால் பார்வை குன்றினர். 1938இல் இயற்றப்பட்ட சட்டத்தின் பின்னரே அங்கு இதன் விற்பனை ஒடுக்கப்பட்டது. அறிவு முதிருமுன் சந்தை முந்திக்கொண்டமைக்கு இது ஓர் எடுத்துக்காட்டாகும்.

சுழலும் நொதியம்

துரிசாகவும் சில்லாகவும் தொழிற்படும் நொதியத்தை இனி நோக்கலாம். இதன் ஒரு பகுதி மென்சவ்வினுள் அமிழ்ந்துள்ளது. மறுபகுதி உருண்டையாக வெளியே நீட்டி நிற்கிறது. உருண்டைப் பகுதியை 1960ஆம் ஆண்டளவில் றக்கரும் அவர்தம் குழுவினரும் பிரித்தெடுத்தனர். அப்பகுதியில் ஏ.ரீ.பீ.யை ஆக்கும் இடங்கள் மூன்றுண்டு. இம்மூன்றும் ஒரே கணத்தில் ஒரே நிலையில் இருப்பதில்லை எனப் பொயர் கூறினார். ஒன்று மூலப்பொருள்களைத் தளர்வாகப் பற்றியிருக்கும். இன்னொன்று இறுகப் பற்றி ஏ.ரீ.பீ. ஆக்கும், மூன்றாவது திறந்து அதனை வெளிவிடும். நடுவிலுள்ள தண்டு சுழல, ஒவ்வோரிடமும் முறையே இம்மூன்று நிலைகளையும் கடக்கும். சக்தி பெரிதும் வேண்டப்படுவது ஏ.ரீ.பீ.யைப் பிணைத்தாக்குவதற்கன்று, ஆக்கியதை நொதியத்தின் பிடியிலிருந்து விடுவிப்பதற்கே என்பது பொயரின் கருத்தில் மனங்கொள்ளத்தக்க அம்சமாகும்.

1994இல் கேம்பிரிட்ஜில் ஜோன் வோக்கரின் குழுவினர், மாட்டின் இதயத்திலிருந்து பெற்ற உருண்டைப் பகுதியின் அணுநிலை அமைப்பினை எக்ஸ் கதிர்களின் துணைகொண்டு வெளியிட்டனர். மூன்று இடங்களும் மூன்று வேறு நிலைகளில் இருந்தமையும், நடுவே ஒழுங்கற்ற வளைவுடைய தண்டொன்று புகுந்திருந்தமையும் புலனாயின. 1997இல் ஜப்பானிய ஆய்வாளர்களான நோஜி, யசுதா, யொஷிதா, கினொசித்தா ஆகியோர் அத்தண்டில் ஒளிரும் இழையொன்றைப் பிணைத்து, நொதியம் ஏ.ரீ.பீ.யைச் சிதைக்கும்போது அவ்விழை சுழல்வதை நுணுக்குக்காட்டியினூடே கண்டனர். அதே ஆண்டு பொயரும் வோக்கரும் நோபல் பரிசு பெற்றனர். 2004இல் காந்தத்தின் உதவியால் தண்டை எதிர்த்திசையிற் சுழற்றியபோது ஏ.ரீ.பீ. ஆக்கப்படுவதும் காட்டப்பட்டது.

முள்ளந்தண்டு விலங்குகளின் இழைமணியில், மென்சவ்வினுள் அமைந்த வளையம் எட்டு அலகுகளாலானது. எட்டுப் புரோத்தன்கள் கடக்க ஒரு சுற்று முற்றுப்பெறும். ஒரு சுற்றில் மூன்று ஏ.ரீ.பீ. மூலக்கூறுகள் கிடைக்கும்.

இறைக்கும் நொதியம்

ஆக்கப்பட்ட ஏ.ரீ.பீ. எங்கு செலவாகிறது? ஓய்வு நிலையில் உடலின் சக்திச் செலவில் ஏறக்குறைய ஐந்திலொரு பங்கு, சோடியத்தை வெளியேற்றிப் பொற்றாசியத்தை உட்கொணரும் ஒரேயொரு நொதியத்துக்குச் செல்கிறது. மூளையில் இப்பங்கு இன்னும் அதிகமாகும். கலத்துக்கு வெளியே ஓர் இலீற்றரில் சோடியம் ஏறத்தாழ 145 மில்லிமூல். உள்ளே 12 அளவிலேயே உள்ளது. பொற்றாசியம் உள்ளே 140, வெளியே 4. இவ்வேறுபாடே நரம்பின் கணத்தாக்கத்துக்கும் இதயத்தின் ஒழுங்கான துடிப்புக்கும் அடிப்படை. மென்சவ்வு முற்றாகப் புகவிடாததன்று. அயன்கள் இடையறாது கசிகின்றன. ஆகவே இடையறாது இறைத்தலும் வேண்டும். குளிரூட்டி வைக்கப்பட்ட குருதியில் இதனைக் காணலாம். குளிரில் நொதியம் மந்தமடைய, செங்குழியங்களிலிருந்து பொற்றாசியம் சிறிது சிறிதாக வெளிக்கசிகிறது.

1955இல் அலன் ஹொட்ஜ்கினும் றிச்சட் கீன்சும், கணவாயின் பெரிய நரம்பிழையில் சுவாசத்தை நஞ்சினால் நிறுத்தியபோது சோடியம் வெளியேறுதலும் குன்றியதைக் காட்டினர். அதனைச் செய்யும் நொதியத்தை இனங்கண்டவர் டென்மார்க்கின் ஆஹுஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த யென்ஸ் ஸ்கூ. சத்திரசிகிச்சையிற் பயிற்சி பெற்ற மருத்துவரான அவர், கடற்கரை நண்டுகளின் கால் நரம்புகளை அரைத்துப் பெற்ற மென்சவ்வுத் துண்டுகளில், சோடியமும் பொற்றாசியமும் ஒருங்கே இருக்கும்போது ஏ.ரீ.பீ.யை விரைந்து சிதைக்கும் நொதியம் ஒன்றுண்டு என 1957இல் அறிவித்தார். அடுத்த ஆண்டு வியன்னா மாநாட்டிற் சந்தித்த றொபேட் போஸ்ற், ஊவபெயின் எனும் தாவர நஞ்சு செங்குழியங்களின் அயன் இறைப்பினைத் தடுப்பதனை அவருக்கு எடுத்துக்கூறினார். நண்டு நொதியத்தையும் அந்நஞ்சு தடுத்தது. நொதியமே இறைப்பி என்பது இவ்வாறு உறுதியாயிற்று. 1997இன் நோபல் பரிசில் ஒரு பாதி ஸ்கூவுக்கு வழங்கப்பட்டது.

இவ்விறைப்பி ஒருபோதும் ஒருசேரத் திறவாத இரு கதவுகளைக் கொண்ட சிற்றறை போன்றது. உட்புறக் கதவு திறந்திருக்கும்போது மூன்று சோடியம் அயன்கள் புகும். ஏ.ரீ.பீ. தன் பொசுபேற்றினை நொதியத்தோடு பிணைக்க, அக்கதவு மூடி வெளிக்கதவு திறக்கும், சோடியம் வெளியேறும். அவ்விடத்தில் இரண்டு பொற்றாசியம் அயன்கள் புக, பொசுபேற்று நீங்கி, அறை மீண்டும் உட்புறம் திறக்கும்.

ஆக்கும் நொதியமும் இறைக்கும் நொதியமும் அமைப்பில் வேறுபட்டவை. எனினும், அவற்றின் தொழிற்பாடு ஒரே உறவின் இரு திசைகளெனலாம். முதலாவது நொதியம் பின்னோக்கி இயங்கினால் ஏ.ரீ.பீ.யைச் சிதைத்துப் புரோத்தனை இறைக்கும். இரண்டாவதும் அத்தகையதே. 1960களின் நடுப்பகுதியில் பற்றிசியோ கறகானும் இயன் கிளினும், செங்குழியங்களின் அயன் வேறுபாட்டினை இயல்புக்கு மிஞ்சி மிகுவித்தபோது, இறைப்பி பின்னோக்கி இயங்கி ஏ.ரீ.பீ. ஆக்கப்படுவதைக் காட்டினர். வேறுபாட்டைக்கொண்டு ஏ.ரீ.பீ. ஆக்கலாம், ஏ.ரீ.பீ.யைக்கொண்டு வேறுபாட்டை ஆக்கலாம்.

அறிவும் அதன் பயனும்

இவ்வறிவு ஆய்வுகூடத்தோடு நின்றுவிடவில்லை. சிறுகுடற் கலங்களில் சோடியம் இறைப்பி உட்புறச் சோடியத்தைக் குறைவாக வைத்திருக்கிறது. அதனால் குடலிலுள்ள சோடியம் உட்புக முனைகிறது. புகும்போது குளுக்கோசையும் உடன் அழைத்துச் செல்கிறது. இவ்விணைப்பினை 1960இல் றொபேட் கிறேன் பிராக் நகரில் எடுத்துரைத்தார். இரண்டையும் பின்தொடர்ந்து நீரும் உறிஞ்சப்படும். வாந்திபேதி நோயிலும் இவ்வழி பழுதடைவதில்லை. ஆகவே, உப்பும் சீனியும் உரிய அளவிற் கலந்த நீரே உயிர் காக்கும். 1971இல் வங்காளதேச விடுதலைப் போரின்போது மேற்கு வங்கத்தின் பொங்காவ்ன் அகதி முகாமில் நாளத்தினூடாக ஏற்றும் திரவம் தீர்ந்துபோகவே, திலீப் மகாலநபிஸ் என்னும் மருத்துவர் இக்கரைசலை வாய்வழியாகக் கொடுக்கச் செய்தார். ஏறத்தாழ 30 சதவீதமாக இருந்த இறப்பு 3.6 சதவீதமாகக் குறைந்தது. தாயரும் உறவினரும் அதனைக் கொடுக்கக்கூடியவர்களாயினர். இலங்கையில் ‘ஜீவனி’ எனும் பெயரில் அறியப்பட்ட பொட்டலம் இதே வகையினதாகும்.

இதற்கு மறுதலையானதொன்றும் எம்மண்ணில் நிகழ்ந்தது. 1785இல் வில்லியம் வித்தெறிங் மருந்தாக விவரித்த டிஜிற்றாலிசு, சோடியம் இறைப்பியைத் தடுக்கும் பொருள்களைக் கொண்டது. சிறிய அளவில் இதயத் துடிப்பை வலுப்படுத்துவதும், அளவு மீறினால் அதனைச் சீர்குலைத்து நிறுத்துவதும் இத்தடுப்பேயாகும். எமது வேலிகளில் வளரும் மஞ்சள் அலரியின் நஞ்சும் இவ்வினத்தது. 1980களிலிருந்து இலங்கையின் வடபகுதியிலும் பின்னர் ஏனைய பகுதிகளிலும் இந்நஞ்சு இளையோர் பலரின் உயிரைக் குடித்தது. டிஜிற்றாலிசு வகைப் பொருள்களைப் பற்றிக்கொள்ளும் பிறபொருளெதிரி மருந்து இந்நஞ்சினையும் முறிக்கவல்லது என்பதனை, இலங்கையில் நடத்தப்பட்ட ஆய்வொன்று 2000இல் ‘லான்செற்’ சஞ்சிகையில் நிலைநாட்டியது. ஆயின் அம்மருந்தின் விலை, நோயாளர் வாழ்ந்த நாட்டின் வலுவுக்கு அப்பாற்பட்டது. 2002இல் அதன் விநியோகம் நின்றது. இறப்புகள் மீண்டும் பெருகின. அதே சஞ்சிகை 2003இல் இதனையும் பதிவு செய்தது.

ஒரே இறைப்பியைப் பற்றிய அறிவு. ஒன்று அகதி முகாமின் வாளியிற் கரைக்கப்பட்டு ஏழைகளைச் சென்றடைந்தது, மற்றது விலைச்சீட்டின் முன் நின்றுவிட்டது. முன்னையதன் மூலப்பொருள் எந்தக் கடையிலும் கிடைப்பது. பின்னையதை ஆக்கும் ஆற்றல் தொலைவிலுள்ள சிலரின் கையில் இருந்தது. விஞ்ஞானம் கண்டறிந்தவற்றை மக்களிடம் சேர்ப்பது விஞ்ஞானத்தின் உள்விதிகளால் மாத்திரம் தீர்மானிக்கப்படுவதன்று என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

உயிர் யாது என்ற வினாவுக்கு இவ்வாய்வுகள் முழுவிடை தந்துவிட்டன எனல் மிகையாகும். ஆயினும், வினாவின் வடிவத்தை அவை மாற்றியுள்ளன. இறந்த கணத்தில் உடம்பிலிருந்து எப்பொருளும் வெளியேறிவிடுவதில்லை. சோடியம், பொற்றாசியம், புரதம், இலிப்பிட்டு யாவும் அங்கேயே உள்ளன. ஒட்சிசன் அற்றுப்போக ஏ.ரீ.பீ. ஆக்கம் நிற்கிறது, சில நிமிடங்களில் மூளைக் கலங்களின் இறைப்பிகள் ஓய்கின்றன, உள்ளும் புறமும் ஒன்றாகின்றன. இல்லாது போவது ஒரு வேறுபாடு. அவ்வேறுபாடு இயற்கை ஒருமுறை அளித்துவிட்ட கொடையன்று. ஒவ்வொரு கணமும் உழைப்பினால் ஆக்கப்படுவது. அவ்வுழைப்பு தடைப்படும் வேளையில் அதனை மீட்பதற்குரிய அறிவு எம்மிடம் உண்டு. அது எவரைச் சென்றடைகிறது என்பதே இனி நாம் கேட்கவேண்டிய வினாவாகும்.